ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே முதுமை: அரசு விதிகளைப் புரிந்துகொண்டு பராமரிப்பைக் கேட்டுப் பெறுவது எப்படி?

காயத்துக்கு மருந்து கட்ட வரும் நர்ஸுக்கு அம்மா ஒரு சதம்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அதே அம்மாவைக் குளிப்பாட்ட வருபவருக்கான செலவில் ஒரு பங்கை அவர் ஏற்க வேண்டும் என்றுதான் தொடக்கத்தில் விதி வைத்தார்கள். வீடு கூட்டித் துடைக்க வருபவருக்கு அதைவிடப் பெரிய பங்கு. மூன்று பேரும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். மூன்று பேரும் வராமல் போனால் அம்மா அந்த வீட்டில் இருக்க முடியாது. ஆனால் முதியோருக்கு அரசு நிதியில் வீட்டிலேயே பராமரிப்புத் தர 2025 நவம்பர் 1 அன்று தொடங்கிய 'சப்போர்ட் அட் ஹோம்' திட்டம் அவர்களை மூன்று பட்டியல்களில் பிரித்து வைத்தது. அரசுக் கொள்கை நம் வீட்டுக்குள் நுழைவது இப்படித்தான். எந்த வேலைக்கு என்ன பெயர், எந்தத் தேவைக்கு எத்தனை புள்ளி, எந்தத் தேதிக்கு முன்னால் விண்ணப்பித்தீர்கள் என்பவை போன்ற சின்னச் சின்ன வரையறைகளாக அது வருகிறது.

2021 குடிமதிப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் ஏறக்குறைய 95,000 பேர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து குடியேறியவர்கள் இப்போது ஓய்வு வயதில் இருக்கிறார்கள். பிள்ளைகளோடு இருக்கப் பின்னால் வந்த பெற்றோர்களுக்கு வயது அதற்கும் மேல். இந்த வழிகாட்டி அவர்களுக்காக அலையும் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும்.

விதிகள் வந்த வழி

வரலாறு வேண்டாம் என்பவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். ஆனால் 'ஏன் இவ்வளவு காத்திருப்பு' என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

முதியோர் இல்லங்களுக்கான செலவு ஏறிக்கொண்டே போனதால், மக்களை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது நல்லது, செலவும் குறைவு என்ற முடிவுக்கு அரசு வந்தது. 1985-இல் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து பணம் போட்டு வீட்டு, சமூகப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கின. உணவு கொண்டுவந்து தருவது, வீட்டு வேலை, பயணம், வருகைதரு நர்ஸ் எல்லாம் அதற்குள் வந்தன. 1997-இல் முதியோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2013-இல் நான்கு நிலைகள் கொண்ட 'ஹோம் கேர் பேக்கேஜ்' என்ற, வீட்டுச் சேவைகளுக்கான நிதித் தொகுப்பு வந்தது. அதே ஆண்டில் 'மை ஏஜ்ட் கேர்' என்ற ஒரே நுழைவாயிலும் திறக்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் பேக்கேஜ் நிறுவனத்துக்கு ஒதுக்கப்படுவது போய், முதியவரின் பெயருக்கே ஒதுக்கப்பட்டது. பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போகலாம் என்பது நல்ல மாற்றம். கூடவே நாடு முழுமைக்கும் ஒரே வரிசையும் வந்தது. அப்போதுதான் அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

முதியோர் பராமரிப்பை விசாரிக்க 2018-இல் அமைக்கப்பட்ட ராயல் கமிஷன், 2019 இடைக்கால அறிக்கைக்கு வைத்த தலைப்பு 'புறக்கணிப்பு'. 2017-18 நிதியாண்டில் மட்டும் 16,000-க்கும் மேற்பட்டோர் பேக்கேஜுக்காகக் காத்திருந்த நிலையிலேயே இறந்தார்கள் என்று அது பதிவு செய்தது. 2021-இல் வந்த இறுதி அறிக்கையில் 148 பரிந்துரைகள். உரிமைகளை மையமாக வைத்த புதிய சட்டம் வேண்டும் என்பது அவற்றில் தலையானது. அந்தச் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 ஜூலையில் வரவேண்டியது நவம்பருக்குத் தள்ளிப்போய் நடைமுறைக்கு வந்தது. பேக்கேஜின் இடத்தில் சப்போர்ட் அட் ஹோம் வந்ததும் அப்போதுதான்.

சட்டம் உரிமை என்று சொல்கிறது. எத்தனை இடம் என்பதை பட்ஜெட் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடும்பங்கள் நிற்கின்றன.

படி 1: எந்தக் கதவு?

அரசு ஆதரவில் வீட்டுக்கு வரும் சேவைகளுக்கு இப்போது இரண்டு முக்கிய வழிகள் உண்டு. வாரம் ஒருமுறை வீடு துப்புரவு, மருத்துவரிடம் போய்வர வாகனம், கைப்பிடி பொருத்துவது போன்ற சிறிய உதவி என்றால் 'காமன்வெல்த் ஹோம் சப்போர்ட்' திட்டம். பல சேவைகள் ஒன்றாக, தொடர்ந்து தேவை என்றால் சப்போர்ட் அட் ஹோம்.

வயது 65 நிறைந்திருக்க வேண்டும். பழங்குடி மக்களுக்கும், வீடற்ற நிலையிலோ அந்த அபாயத்திலோ இருப்பவர்களுக்கும் 50. அறுபத்தைந்துக்குக் கீழே மாற்றுத்திறனோடு இருப்பவர்களுக்கு வேறு திட்டம், வேறு அலுவலகம்.

குடியுரிமை இல்லை என்பதால் தகுதி இல்லை என்று பல பெற்றோர் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். ஓய்வூதியத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டு வசிப்பு வேண்டும் என்பது உண்மை. முதியோர் பராமரிப்புக்கு அந்தப் பத்தாண்டு விதி கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல், நிரந்தர வசிப்புரிமை பெற்ற பெற்றோருக்காகத் தயங்காமல் விண்ணப்பியுங்கள். சுற்றுலா விசாவில் வந்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

படி 2: பதிவு

மை ஏஜ்ட் கேர் எண் 1800 200 422. மெடிகேர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம், குடும்ப மருத்துவரும் பரிந்துரை அனுப்பலாம். தமிழில் பேச வேண்டுமானால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, மை ஏஜ்ட் கேருடன் இணைக்கச் சொல்லுங்கள்.

இந்த முதல் அழைப்பிலேயே உங்களை 'பதிவுபெற்ற ஆதரவாளர்' ஆகச் சேர்க்கக் கேளுங்கள். அதற்கு அம்மா அல்லது அப்பாவின் சம்மதம் வேண்டும். தகவல்களைப் பெறவும் அவர்கள் சார்பில் தொடர்புகொள்ளவும் இது உதவும். ஆனால் அவர்களுக்காக முடிவெடுக்கும் அதிகாரம் இதனால் வந்துவிடாது. அதற்கு மாநிலச் சட்டப்படி எழுதிய அதிகாரப் பத்திரம் வேறாக வேண்டும். நினைவு மங்கத் தொடங்குவதற்கு முன்னால் அதைச் செய்துவைப்பது நல்லது. பின்னால் அதற்காகத் தீர்ப்பாயத்துக்குப் போக நேரலாம்.

படி 3: மதிப்பீடு, எல்லாம் தீர்மானமாகும் அந்த இரண்டு மணி நேரம்

மதிப்பீட்டாளர் வருகிறார் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? முதல் நாளே வீடு பளபளக்கும். அம்மா நல்ல சேலை கட்டி, தலைவாரிப் பொட்டு வைத்து, சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தேநீர் தயாராக இருக்கும். 'குளிப்பதெல்லாம் எப்படி?' என்று கேட்டால், 'நானேதான் குளிக்கிறேன்' என்பார். பொய் இல்லை. ஆனால் தண்ணீரைப் பதமாக விட்டு, ஸ்டூலைப் போட்டு, சோப்பைக் கையில் கொடுத்து, கதவுக்கு வெளியே காது கொடுத்து நிற்கும் மருமகளைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல்லும் இல்லை. மதிப்பீட்டாளர் 'உதவி தேவையில்லை' என்று குறித்துக்கொள்வார்.

விருந்தினர் முன்னால் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை அது. அந்தப் பண்புக்கு இந்தப் படிவத்தில் இடம் கிடையாது. 2024 முதல் நாடு முழுவதும் ஒரே மதிப்பீட்டுக் கருவி பயன்படுகிறது. பதில்களைக் கணினியில் ஏற்றினால் அதன் கணக்கு நிலையைச் சொல்லும். திட்டம் தொடங்கியபோது, அந்தக் கணக்கு தவறு என்று மதிப்பீட்டாளருக்கே தோன்றினாலும் அவரால் அதை மாற்ற முடியாதபடிதான் அமைத்திருந்தார்கள். வந்தவர் நல்ல மனிதர், பார்த்தே புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. படிவத்தில் ஏறினால்தான் அது தேவை.

ஆகவே முன்கூட்டியே செய்ய வேண்டியவை: இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எப்போது விழுந்தார், எப்போது விழப் பார்த்தார், இரவில் எத்தனை முறை எழுந்தார், எந்த மாத்திரையை மறந்தார், அடுப்பை அணைக்காமல் விட்டாரா, யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் கைகொடுத்தார். 'சிரமமாக இருக்கிறது' என்று எழுதாதீர்கள். 'கட்டிலிலிருந்து எழ ஒருவர் கை பிடிக்க வேண்டும், தினமும் நான்கைந்து முறை' என்று எழுதுங்கள். நல்ல நாளை விட்டுவிட்டு மோசமான நாளை விவரியுங்கள். மருந்துப் பட்டியல், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது தந்த கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து வையுங்கள். அன்றைக்கு வீட்டை மினுக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளரை அவசியம் கேளுங்கள், வீட்டில் எல்லோருக்கும் ஆங்கிலம் சரளமாக வந்தாலும். மகன் மொழிபெயர்க்க, அவன் முன்னால் தனக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லை என்று எந்தத் தாய் சொல்வார்? மகளும், அறியாமலேயே, அப்பாவின் பதிலைக் கொஞ்சம் மெருகேற்றித்தான் சொல்வாள். மொழிபெயர்ப்பாளர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். நம் சமூகம் சிறியது. தெரிந்த முகமாக இருந்துவிடுமோ என்ற தயக்கம் இருந்தால் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பைக் கேட்கலாம்.

மதிப்பீட்டாளரிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசவும் கேளுங்கள். பராமரிக்கும் உங்கள் களைப்பும், உங்கள் வேலை நேரமும், உங்கள் முதுகுவலியும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும்.

படி 4: முடிவுக் கடிதமும் வரிசையும்

கடிதத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: எந்த நிலை, எந்த முன்னுரிமை. நிலைகள் எட்டு. தொடக்கத்தில் முதல் நிலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 10,700 டாலர், எட்டாம் நிலைக்கு 78,000 டாலர் என்று வைத்தார்கள். இந்தத் தொகை அவ்வப்போது திருத்தப்படும். முன்னுரிமையில் அவசரம், உயர்ந்தது, நடுத்தரம், சாதாரணம் என்று நான்கு. தனியாக வசிக்கிறாரா, பராமரிப்பவர் தாங்குவாரா என்பவை முன்னுரிமையில் எதிரொலிக்கும். அதனால்தான் உங்கள் முதுகுவலியையும் சொல்லச் சொன்னேன்.

முடிவு தவறு என்று பட்டால் 28 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் திருப்தி இல்லை என்றால் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அந்த நோட்டுப் புத்தகம் இங்கேயும் கைகொடுக்கும்.

காத்திருக்கும்போது சும்மா இருக்காதீர்கள். மதிப்பீட்டாளரிடம் காமன்வெல்த் ஹோம் சப்போர்ட் சேவைகளுக்கும் பரிந்துரை எண் வாங்கிவிடுங்கள். ஓரிரு சேவைகளாவது முன்னதாகத் தொடங்கலாம். பராமரிப்பவருக்கு ஓய்வும் ஆலோசனையும் தர 'கேரர் கேட்வே' இருக்கிறது: 1800 422 737. வரிசை நீளமாக இருக்கும்போது முழு நிதிக்குப் பதில் 60 விழுக்காட்டை இடைக்காலமாகத் தருவதும் உண்டு. அதை ஏற்றுக்கொள்ளுங்கள், மீதி பின்னால் வரும்.

படி 5: எவ்வளவு நாம் கட்ட வேண்டும்?

மருத்துவப் பட்டியலில் நர்ஸ், பிசியோதெரபி போன்றவை வருகின்றன. இவற்றுக்கு யாரும் எதுவும் கட்ட வேண்டாம். சுயமாக இயங்க உதவும் பட்டியலில் குளிப்பாட்டல், உடுத்திவிடல், பயணம், துணை, தற்காலிக ஓய்வுப் பராமரிப்பு ஆகியவை இருந்தன. அன்றாட வாழ்க்கைப் பட்டியலில் துப்புரவு, தோட்டம், உணவு. முழு ஓய்வூதியம் பெறுபவருக்கு இரண்டாவது பட்டியலில் 5 விழுக்காடு, மூன்றாவதில் 17.5. சொந்தப் பணத்தில் ஓய்வு பெற்றவருக்கு 50-உம் 80-உம். பகுதி ஓய்வூதியம் பெறுபவர்கள் இடையில் எங்கோ.

ஒரு கணக்குப் போடுவோம். குளிப்பாட்டும் ஒரு வருகை 100 டாலர், வாரம் மூன்று வருகை என்று வைத்துக்கொண்டால், தொடக்க விதிப்படி முழு ஓய்வூதியக்காரர் வாரத்துக்கு 15 டாலர் கட்டுவார். சொந்தப் பணக்காரர் 150. குளிக்காவிட்டால் புண் வரும். புண் வந்தால் நர்ஸ் இலவசமாக வருவார்! இந்த முரணைச் சுட்டிக்காட்டி முதியோர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. பட்டியல்கள் கல்லில் செதுக்கியவை அல்ல; நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எந்தச் சேவை எங்கே இருக்கிறது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பத்தாண்டு நிறையாததால் ஓய்வூதியம் இல்லாத, கையில் பெரிய சேமிப்பும் இல்லாத பெற்றோர், 'ஓய்வூதியம் இல்லை' என்ற ஒரே காரணத்தால் பணக்காரர் வரிசையில் போய் விழக்கூடாது. வருமான, சொத்து விவரங்களை அரசின் உதவித்தொகைகளைக் கவனிக்கும் சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் கொடுத்து மதிப்பிடச் சொல்லுங்கள். விவரம் கொடுக்காதவரிடம் உச்சக் கட்டணம்தான் பிடிப்பார்கள். ஊரில் இருக்கும் வீடும் காணியும் சொத்தாகக் கணக்கில் வரும், மறைக்க வேண்டாம். பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றால், 2016 ஜனவரி முதல் நடப்பில் உள்ள இந்திய-ஆஸ்திரேலிய சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஓய்வூதியத் தகுதிக்கு உதவுமா என்றும் அதன் ஓய்வூதியப் பிரிவான சென்டர்லிங்கில் கேளுங்கள்.

இன்னொரு முக்கியத் தேதி 2024 செப்டம்பர் 12. அன்றைக்கு பேக்கேஜ் பெற்றுக்கொண்டிருந்தவர்களும், தகுதி பெற்று வரிசையில் இருந்தவர்களும் புதிய திட்டத்தால் முன்பைவிட அதிகம் கட்ட நேராது என்பது அரசின் உறுதி. அம்மா அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்று பழைய கடிதங்களைத் தேடிப் பாருங்கள்.

படி 6: நிறுவனத்தைத் தேர்வது

நிதி ஒதுக்கிக் கடிதம் வந்தபின் 56 நாட்களுக்குள் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும். கேட்டால் இன்னும் 28 நாள் கிடைக்கும். கோவிலில் யாரோ சொன்னார்கள் என்று முதல் நிறுவனத்திலேயே கையெழுத்துப் போடாமல் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். அரசு விலை உச்சவரம்பு தள்ளிப்போடப்பட்டதால் திட்டம் தொடங்கியபோது நிறுவனங்கள் தாங்களே விலை வைத்தன. ஒரே சேவைக்கு விலை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது.

விலை ஏன் முக்கியம் என்று பாருங்கள். நான்காம் நிலைக்குக் காலாண்டுக்கு ஏறக்குறைய 7,424 டாலர். பராமரிப்பு நிர்வாகத்துக்கு 10 விழுக்காடு போனால் மீதி 6,682. மணிக்கு 110 டாலர் என்றால் வாரத்துக்கு நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேல். மணிக்கு 90 டாலர் என்றால் ஐந்தே முக்கால். பயணச் செலவும் அலுவலகச் செலவும் அந்த மணி விலைக்குள்ளேயே அடங்க வேண்டும்; தனியாகக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். வார இறுதி விலை, கடைசி நேர ரத்துக்கான பிடித்தம், குறைந்தபட்ச நேரம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

'தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறார்களா?' என்று கேட்டால் பெரும்பாலும் 'ஆம்' என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எங்கள் பகுதிக்கு, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வரக்கூடிய தமிழ் ஊழியர் யார், அவர் விடுப்பில் போனால் யார் வருவார்? மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவுவது உண்டு. அப்போது தமிழ் தெரிந்தவர் வருவது பாதுகாப்புக்கே அவசியமாகிவிடும். விரும்பிய மொழியில் தொடர்புகொள்வதைப் புதிய சட்டத்தின் உரிமைப் பட்டியலே ஏற்கிறது; ஒப்பந்தப் பேச்சில் அதைச் சொல்லுங்கள்.

படி 7: காலாண்டுக் கணக்கு

பணத்தைச் சேர்த்து வைப்போம், பின்னால் உதவும் என்ற நம் பழக்கம் இங்கே பலிக்காது. பழைய திட்டத்தில் செலவாகாத தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிக் குவிந்தது. அதைத் தடுக்கவே புதிய விதி. ஒரு காலாண்டிலிருந்து அடுத்ததற்கு 1,000 டாலர் அல்லது 10 விழுக்காடு, எது அதிகமோ அதுமட்டும் போகும். மீதி திரும்பிவிடும். மாதக் கணக்கு வந்ததும் வந்த நாட்களோடு ஒப்பிடுங்கள். நாட்காட்டியில் யார் எப்போது வந்தார் என்று குறித்துவைத்தால் போதும்.

சக்கர நாற்காலி, குளியலறைக் கைப்பிடி, சாய்வுதளம் போன்றவற்றுக்கு இந்தத் தொகையைத் தொடவேண்டியதில்லை. அதற்குத் தனி நிதி இருக்கிறது. பலரும் அதைக் கேட்பதே இல்லை.

படி 8: நிலைமை மாறும்போது

விழுந்தாலோ, மருத்துவமனையிலிருந்து வந்தாலோ மறுமதிப்பீடு கேளுங்கள். உடல் தேறக்கூடிய நிலை என்றால் 16 வாரம் வரையிலான மறுசீரமைப்பு வழி உண்டு. ஆயுள் மூன்று மாதம் அல்லது அதற்குக் குறைவு என்று மருத்துவர் சொன்னால், வீட்டிலேயே இறுதிக்காலத்தைக் கழிக்க 25,000 டாலர் வரையிலான தனி வழி உண்டு. அந்த நேரத்தில் யாருக்கும் படிவம் நிரப்பத் தோன்றாது. ஆகவே அப்படி ஒன்று இருக்கிறது என்பதை இப்போதே குடும்பத்தில் ஒருவராவது தெரிந்து வைத்திருங்கள்.

படி 9: குறை சொல்வது

முதலில் நிறுவனத்திடம், எழுத்தில். சரியாகாவிட்டால் முதியோர் பராமரிப்புத் தர, பாதுகாப்பு ஆணையம்: 1800 951 822. பேசவே பயமாக இருக்கிறது, 'வருகிற பிள்ளையையும் நிறுத்திவிடுவார்கள்' என்று அம்மா தடுக்கிறார் என்றால், கட்டணமில்லாமல் உங்கள் பக்கம் நின்று பேசும் ஓப்பன் அமைப்பை 1800 700 600 எண்ணில் அழையுங்கள்.

விதியே தவறு என்றால் அதற்கு வேறு இடம்: உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரும் செனட் விசாரணைகளும். 2025-இல் மதிப்பீட்டுக்கும் பேக்கேஜுக்கும் சேர்த்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காத்திருந்தார்கள். புதிய இடங்கள் நவம்பரில்தான் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. செனட்டில் நெருக்கடி முற்றியதும் 20,000 இடங்களை முன்கூட்டியே விடுவிக்க ஒப்புக்கொண்டது. காமன்வெல்த் ஹோம் சப்போர்ட் திட்டமும் சப்போர்ட் அட் ஹோமுடன் இணைய இருக்கிறது; அது 2027 ஜூலை 1-க்கு முன்னால் நடக்காது என்று அறிவித்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை கோவில் கூடத்தில் கூடும் முதியோர் குழுவும், அதற்கு வரும் வேனும் அந்தச் சிறிய நிதியில் ஓடுகின்றன என்றால், இணைப்புக்குப் பிறகு அவை எந்தப் பட்டியலில் வரும் என்று உறுப்பினருக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்.